கிடா கொடுக்காத உத்தரவு

கழுத்து சரியாக முறியாத எலி போடும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறையில் அந்தச் சத்தம் அடிக்கடி கேட்கும். ஆராய்ச்சி மாணவர்கள் புத்தகத்தில் படித்துவிட்டு வருவார்கள். பிடரியில் ஒரு கம்பியை வைத்து அழுத்திக்கொண்டு வாலை வெடுக்கென்று இழுக்க வேண்டும். படிக்க எளிதுதான். கை நடுங்கும், கம்பி நழுவும், எலி பாதி உயிரோடு மேசையில் சுழலும். ஒருவர் வெளியே ஓடி வாந்தி எடுப்பார், இன்னொருவர் "பொன்னுராஜ் சார்!" என்று என்னைக் கூப்பிடுவார். நான் அங்கே ஆய்வக உதவியாளன். எலி கொல்வதற்கும் சேர்த்து எனக்குச் சம்பளம் தரவில்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

2004இல் ஒச்சாண்டி வந்தார். அந்தச் சத்தம் நின்றது.

அவரைக் கொண்டுவந்தவர் ஹுஸ்னா. உத்தமபாளையத்துப் பெண், அத்தா ஏலக்காய் வியாபாரி. நம் பக்கம் திராட்சைக்கும் கத்தரிக்கும் தண்ணீராக அடிக்கிற சைபர்மெத்ரின் மருந்து, உயிருள்ள உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் மரபணுவையும் என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு வகைச் செவ்வந்திப் பூவில் இருக்கிற விஷத்தைப் பார்த்துத் தொழிற்சாலையில் செய்த மருந்து அது. பூச்சிக்குத்தான் எமன், மனுசனுக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லிச் சொல்லியே கடைக்காரர்கள் விற்றார்கள். ஹுஸ்னா அதை எலிகளுக்குக் கடலை எண்ணெயில் கலந்து கொடுத்துப் பார்த்தார்.

அதற்கு ஆட்டு ரத்தமும் வேண்டியிருந்தது. செம்மறி ஆட்டின் ரத்த அணுவை எலிக்கு ஊசியில் ஏற்றினால், எலியின் உடம்பு அதை அந்நியன் என்று கண்டுகொண்டு சண்டைக்கு ஆள் திரட்டும். எவ்வளவு ஆள் திரட்டியது என்று அளந்தால் எதிர்ப்புச் சக்தி தெரிந்துவிடும். தேனியில் கறிக்கடை கறிக்கடையாக ஏறி இறங்கினார் ஹுஸ்னா. எல்லோரும் உறைந்த ரத்தத்தையே தூக்கிக் கொடுத்தார்கள், பொரித்துத் தின்னப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் மட்டும் அவர் நீட்டிய பாட்டிலை வாங்கி, ரத்தம் உறையாமலிருக்க உள்ளே ஊற்றியிருந்த கரைசலைக் குலுக்கிப் பார்த்து, "உசுரோட வேணும், அம்புட்டுத்தான தாயி?" என்று கேட்டுப் பீய்ச்சியடிக்கிற ரத்தத்திலேயே பிடித்துக் கொடுத்தார். அவர்தான் ஒச்சாண்டி. சில மாதங்களில் துறைத் தலைவர் அவரை எலிக்கூடத்துக்குத் தினக்கூலி ஆளாகச் சேர்த்துக்கொண்டார்.

நெடிய ஆள், குறைந்த பேச்சு. வலது முன்னங்கை மட்டும் வேறு யாருடையதோ என்று தோன்றும் அளவுக்கு முறுக்கேறியிருக்கும். முதல் நாள் எலியைக் கையில் எடுத்ததும், "கொஞ்சம் தண்ணி குடுங்க சார்" என்றார்.

"குடிக்கவா?"

"எலிக்கு."

கொடுத்தேன். விரலை நனைத்து எலியின் முதுகில் தெளித்துவிட்டுச் சும்மா நின்றார். எலி ஒரு கணம் விறைத்தது. பிறகு தலையில் ஆரம்பித்து வால்வரை உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பியது. "உத்தரவு" என்றார். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் எலி செத்துக் கிடந்தது. கத்தவும் இல்லை, துடிக்கவும் இல்லை.

மயிலாடும்பாறைப் பக்கம் அவர்களுடைய குலசாமி எல்லைக்கருப்பு. அங்கே கிடா வெட்டும் உரிமை ஒச்சாண்டிக்கு. கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் கருப்பு ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் எவ்வளவு நேரமானாலும் அருவாளோடு நிற்க வேண்டியதுதான். சிலுப்பியதா இல்லையா என்று சொல்கிற அதிகாரம் வெட்டுகிறவருக்கு மட்டுமே. பூசாரிக்குக்கூட அதில் வாய் கிடையாது.

"நனைஞ்ச எலி சிலுப்பாம, பின்ன கும்பிடா போடும்?" என்று நான் கிண்டல் செய்தேன். பேராசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஹுஸ்னா மட்டும் சிரிக்கவில்லை. "ஆண்டவன் பேரைச் சொல்லாம எங்க வீட்ல கோழியக்கூட அறுக்க மாட்டாக சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஒச்சாண்டியிடம் போனார். "தெளிங்கண்ணே. ஆனா காய்ச்சி வடிச்ச தண்ணிதான். மருந்து குடுத்த எலி, குடுக்காத எலி எல்லாத்துக்கும் ஒரே மாதிரி தெளிக்கணும். இல்லேன்னா என் வேலை கெட்டுரும்." அப்படியே நடந்தது. எங்கள் துறையில் எலிகள் சாமி உத்தரவோடு செத்தன. எனக்கு எரிச்சலாக இருந்தாலும் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது.

ஒச்சாண்டியின் அண்ணன் சங்கிலி, தம்பி விஜயகுமார் இருவருக்கும் ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். பக்கத்துத் தோட்டம் ராக்கையாவுடையது. முறைக்கு மச்சான். இரண்டு தோட்டத்துக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒருமுறை விஜயகுமாரும் ராக்கையாவும் ஒரே பைக்கில் எலிக்கூடத்துக்கு வந்து பெட்டி நிறைய விதையில்லாத் திராட்சை இறக்கினார்கள். எனக்கு ஒரு கொத்தை நறுக்கி நீட்டிய ராக்கையா, "எடக்கையில குடுக்கேன்னு நெனைச்சுக்கிறாதீக சார், எனக்கு எல்லாமே எடக்கைதான்" என்றான். "இவன் பொண்டாட்டிக்குத் தாலியே எடக்கையிலதான் கட்டுனான் சார்" என்றான் விஜயகுமார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த வருடம் கோடையில், விஜயகுமாரை மோட்டார் அறைக்குப் பக்கத்தில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் வெட்டிப் போட்டிருந்தார்கள்.

ஒச்சாண்டியோடு பிணவறைக்குப் போனது நான்தான். வெளியே சங்கிலி சுவரில் தலையை முட்டிக்கொண்டு, "ராக்கையாதாண்டா! தண்ணிக்காகத்தாண்டா! அவன் கொடல உருவாம விட மாட்டேன்" என்று அலறிக்கொண்டிருந்தான். விஜயகுமாரின் மனைவி கயல் கைக்குழந்தையோடு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழக்கூட இல்லை. உள்ளே ஒச்சாண்டி துணியை விலக்கினார். கழுத்தில் ஆரம்பித்துத் தோள் எலும்புவரை பிளந்திருந்தது. அவர் குனிந்து அந்தக் காயத்தை ரொம்ப நேரம் பார்த்தார். வெட்டின் ஓரமாக விரலை வைத்து மெதுவாக மேலிருந்து கீழே கொண்டுவந்தார். பிறகு துணியை மூடினார். வெளியே வந்தபோது சங்கிலி அவர் சட்டையைப் பிடித்து, "சொல்றா, யாரு வெட்டுனா? நீ வெட்டு பாக்கத் தெரிஞ்சவன்தான?" என்று உலுக்கினான். ஒச்சாண்டி சட்டையை விடுவித்துக்கொண்டு கயலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

போலீஸ் ராக்கையாவைக் கொண்டுபோய் விசாரித்தது. பார்த்த ஆள் இல்லை, அருவாளும் கிடைக்கவில்லை. விட்டுவிட்டார்கள். அவன் தோட்டத்துக்கு வந்து மோட்டாரைப் போட்ட அன்றைக்கே சங்கிலி ஆட்கள் அவன் பந்தலை வெட்டிச் சாய்த்தார்கள். ராக்கையாவின் ஆட்கள் சங்கிலியின் மச்சினன் காலை உடைத்தார்கள். வாரச் சந்தையில் சோடா பாட்டில் பறந்தது. ஓடைப்பட்டி பஸ்ஸில் ஏறவே எனக்குப் பயமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தக் கலவரத்துக்கு நடுவிலும் ஒச்சாண்டி வேலைக்கு வந்தார். தண்ணீர் தெளித்தார், காத்திருந்தார், முறித்தார். ஹுஸ்னா அறுத்து எடுத்தார். மருந்து தின்ற எலிகளின் மண்ணீரல் சுருங்கியிருந்தது. ஆட்டு ரத்தத்தை எதிர்த்து அவை திரட்டிய ஆளும் குறைவு. எலும்பு மஜ்ஜையைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் ஏற்றி எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பெரிய வட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பொட்டு.

"மரபுப் பொருள் ஒடஞ்சு தனியா விழுந்த துண்டுண்ணே" என்றார் ஹுஸ்னா.

"திரும்ப ஒட்டுமா தாயி?"

"ஒட்டாது."

"எங்கண்ணன் இந்த மருந்தக் கைய விட்டுக் கலக்குறாரு."

"நான் எலியிலதான் பார்த்திருக்கேன். இத வச்சு மனுசனுக்கு இப்படித்தான்னு சொல்லிர முடியாது. ஆனா கைய விட்டுக் கலக்க வேண்டாம்னு சொல்லுங்க." ஒச்சாண்டி போய்ச் சொன்னார். சங்கிலி சிரித்துவிட்டு அதே கையால் வெற்றிலை போட்டானாம்.

பிறகு ஒரு நாள், மருந்தின் அளவைக் கூட்டிப் பார்க்கும் சோதனை. மருந்து உள்ளே போன கொஞ்ச நேரத்தில் எலிகள் வாயில் நுரை தள்ளின. முன்னங்காலால் கூண்டின் தரையைப் பிசைந்தன. பின்னங்காலில் ஒரு நடுக்கம் கிளம்பி உடம்பெல்லாம் பரவி, நிற்காமல் உதறிக்கொண்டே இருந்தது. ஒச்சாண்டி ஓர் எலியை எடுத்தார். அவர் விரல் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே அது கைக்குள் சிலுப்பிக்கொண்டிருந்தது.

"அதான் உத்தரவு ஆயிருச்சே, முறிங்க" என்றேன்.

அவர் எலியைக் கூண்டிலேயே விட்டுவிட்டார். "இது உத்தரவு இல்ல சார். உத்தரவு தலையில ஆரம்பிச்சு வால்ல முடியும். ஒரு தடவைதான் வரும். இது கால்ல ஆரம்பிக்குது, நிக்கவே மாட்டேங்குது."

ஹுஸ்னா விளக்கினார். நரம்பில் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு, திறந்து உடனே மூட வேண்டியவை. இந்த மருந்து அவற்றை மூட விடாது. அதனால் எலி சும்மா இருக்க நினைத்தாலும் உடம்பு விடாது. "அது ஆடலண்ணே. மருந்து ஆட்டுது" என்றார். ஒச்சாண்டி அந்த வார்த்தையைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்த எலிகளைக் கொல்ல மாட்டேன் என்று கூடத்துக்கு வெளியே போய் நின்றுவிட்டார். நான் வீராப்பாகக் கம்பியை எடுத்தேன். முதல் எலி என் பெருவிரலை எலும்புவரை கடித்தது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் ஒச்சாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி அய்யம்மாள் பின்னால் எனக்குச் சொன்னது இது. அன்றைக்குச் சங்கிலி வீட்டுக்கு வந்திருந்தான். என்னடா என்று கேட்டவனிடம், தண்ணி தெளிக்காமலே எலி சிலுப்பிய கதையை ஒச்சாண்டி மனசு பொறுக்காமல் சொல்லியிருக்கிறார். அண்ணன் இலையில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். "நம்ம தோட்டத்துல அடிக்கிற மருந்தா?" என்று மட்டும் கேட்டானாம்.

அதற்கப்புறம் சங்கிலி ஆளே மாறிப்போனான். வெட்டு, குத்து என்கிற பேச்சே இல்லை. ஊர்ப் பெரியவர்களிடம் போய், "போலீசு சொல்லல. சாமி சொல்லட்டும்" என்றான். சிவராத்திரிக்கு மறுநாள் எல்லைக்கருப்புக்குக் கிடா விடுவது, கேள்வியைக் கேட்டுத் தண்ணீர் தெளிப்பது. சிலுப்பினால் ராக்கையா கொலைகாரன், தோட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போக வேண்டும். சிலுப்பாவிட்டால் இனி யாரும் அவன் மேல் கை வைக்கக் கூடாது. ராக்கையா மறுக்கவில்லை. "கருப்பு சொன்னா நான் கழுத்தையே குடுக்கேன்" என்று சபையில் சொன்னான். ஊரே அவனை மெச்சியது.

அது 2007. கறி விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார் ஒச்சாண்டி. நல்ல வெயிலில் போய்ச் சேர்ந்தேன். கோயில் பொட்டல் முழுக்கக் கூட்டம். சங்கிலியின் ஜீப் புளியமரத்தடியில் நின்றது. நிழலுக்காக அதன் பின்னால் போனவன், தார்ப்பாய்க்கு அடியில் உரச்சாக்கில் சுற்றிய அருவாள்களைப் பார்த்துவிட்டேன். ஊரை விட்டுப் போகச் சொல்வதெல்லாம் சபைக்குச் சொன்னது. கிடா சிலுப்பினால் ராக்கையா அந்தப் பொட்டலைத் தாண்ட மாட்டான். அவனோ புது வேட்டி கட்டிக்கொண்டு தனியாக வந்து, இடது கையில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தான். ஓடிப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். சங்கிலியின் ஆட்கள் இருவர் எனக்கு இரண்டு பக்கமும் வந்து நின்று, "சார், வெயில்ல நிக்காதீக, இங்கனயே இருங்க" என்றார்கள்.

கறுப்புக் கிடா, மாலையோடு வந்தது. ஒச்சாண்டி குளித்து, ஈர வேட்டியோடு அருவாளைப் பிடித்து நின்றார். பூசாரி உரக்கக் கேட்டார்: "விசயகுமாரு ரத்தம் ராக்கையா கையிலயா? ஆமான்னா சிலுப்பு சாமி!"

சொம்பைச் சாய்க்கும் முன்பே கிடா நடுங்க ஆரம்பித்தது. உடம்பு முழுக்க உதறியது. கழுத்து மாலை அறுந்து விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். "தண்ணிக்கு முன்னயே உத்தரவுடா! கருப்பு எறங்கிருச்சுடா!" என்று பொட்டலே கத்தியது. ஜீப் பக்கம் தார்ப்பாய் விலகுவதைப் பார்த்தேன்.

ஒச்சாண்டி வெட்டவில்லை. கிடாவின் பின்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூசாரி கையிலிருந்து சொம்பை வாங்கித் தானே தெளித்தார். கிடா தண்ணீரை உணரவே இல்லை. அதே நடுக்கம் நடுங்கியது. முன்னங்காலால் தரையைப் பிசைந்தது. வாயிலிருந்து எச்சில் சரம் சரமாகத் தொங்கியது. அவர் குனிந்து அதன் வாயை மோந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் நேராக அண்ணனிடம் போனது.

"வெட்டுறா!" என்றான் சங்கிலி.

"இது உத்தரவு இல்லண்ணே."

குலவை நின்றது.

"ஏலே, ஊரே பாத்துச்சு. சிலுப்புனது ஒனக்குத் தெரியலயா?"

"கிடா ஆடல. மருந்து ஆட்டுது. நீ ஊத்துன மருந்து."

சங்கிலி ஓங்கி அறைந்தான். ஒச்சாண்டியின் உதடு கிழிந்தது. "செத்தது ஒன் தம்பிடா! ஒன் கூடப் பொறந்தவன்டா! எவன் பக்கம்டா நிக்கிற?" என்று நெஞ்சில் மிதித்தான். ஒச்சாண்டி கீழே விழுந்தார், எழுந்தார், மறுபடி கிடாவுக்கு முன்னால் வந்து நின்றார். கையிலிருந்த அருவாளைத் தூர எறிந்தார். "உத்தரவு இல்ல" என்று கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார். வெட்டுகிறவர் சொன்ன பிறகு யாருக்கும் பேச்சில்லை. அது அவர்கள் சாமியின் சட்டம். சங்கிலிக்கும் அது தெரியும். அதனால்தான் அவனுக்கு வெறி ஏறியது.

அவன் ஜீப்புக்கு ஓடி ஓர் அருவாளை உருவிக்கொண்டு நேராக ராக்கையாவிடம் பாய்ந்தான். ராக்கையா ஓடவில்லை. இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். அருவாள் இறங்கியபோது குறுக்கே வந்தது ஒச்சாண்டியின் வலது கை.

கிடாவின் கழுத்தை ஒரே வெட்டில் எடுக்கிற கை மணிக்கட்டோடு மண்ணில் விழுந்தது. விரல்கள் ஒருமுறை மூடித் திறந்தன. ரத்தம் ராக்கையாவின் வேட்டியில் பீய்ச்சியடித்தது. ஒச்சாண்டி கத்தவில்லை. கத்தியது சங்கிலிதான். அருவாளைப் போட்டுவிட்டுத் தம்பியின் கையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "ஐயோ, என் தம்பி" என்று அலறினான்.

அந்த நேரத்தில் கிடா சாய்ந்தது. கால் விறைக்க, நுரை கக்கி, யார் கையும் படாமல் துடித்துச் செத்தது. கூட்டம் அதைப் பார்த்தது. சாமிக்கு விட்ட கிடாவுக்கு விஷம் கொடுத்திருக்கிறான் என்பது ஒரு பாட்டிக்குப் புரிந்து, அவள் மண்ணை வாரித் தூற்றினாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சங்கிலிக்காகக் குலவையிட்ட ஊர் அவன் மேல் பாய்ந்தது. கல், செருப்பு, பொங்கல் வைத்த அடுப்புக் கட்டை, எது கிடைத்ததோ அதைக்கொண்டு அடித்தார்கள். ஒருவன் அவன் முகத்தில் எரிகிற கட்டையால் குத்தினான். எனக்கு அந்த ஊரின் மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. ஒரு நிமிடம் முன்னால் அவர்களே இன்னொருவனைக் கொலைகாரன் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். துண்டைச் சுற்றிய கையோடு ஒச்சாண்டிதான் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, அண்ணன் மேல் குப்புற விழுந்து மறைத்துக்கொண்டார். "விடுங்கடா எங்கண்ணன!" என்று அவர் கத்தியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அதே ஜீப்பில் இருவரையும் போட்டுத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கையைப் பெட்டிக்கடை ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டு போனது நான்தான். நசுங்கி மண் ஏறிவிட்டது, ஒட்ட வைக்க முடியாது என்றார் டாக்டர். சங்கிலிக்கு ஒரு கண் போயிற்று. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ் உட்கார்ந்திருந்தது.

ஹுஸ்னா வந்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "நான் அந்த வார்த்தையச் சொல்லாம இருந்திருக்கலாம்ணே."

"சொல்லலேன்னா நான் வெட்டிருப்பேன் தாயி" என்றார் ஒச்சாண்டி.

அடுத்த நாள் பகலில் ராக்கையா வந்தான். நான் கட்டிலருகே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். ரத்தக் கறை படிந்த அதே வேட்டி. வந்தவன் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டான்.

"மச்சான், நான்தான் வெட்டுனேன்."

என் கையிலிருந்து பழம் விழுந்தது.

"மோட்டாருத் தகராறு. அவன் மம்பட்டிய ஓங்குனான், நான் முந்திட்டேன். அப்பறம் ஒரு நா தூங்கல. கருப்பே சொல்லட்டும், வெட்டுனா வெட்டட்டும்னுதான் கோயிலுக்கு வந்தேன். நீங்க எதுக்கு மச்சான் குறுக்க வந்தீக?"

எனக்கு அவன் மென்னியை நெரிக்க வேண்டும் போல் இருந்தது. இவனுக்காகவா ஒரு கை போனது, ஒரு கண் போனது? ஒச்சாண்டி அசையவில்லை. "தெரியும் மாப்ள" என்றார். "அன்னைக்கே தெரியும். வெட்டு எடக்கை வெட்டு."

பிணவறையில் அந்தக் காயத்தின் ஓரமாக மெதுவாக இறங்கிய விரல் என் நினைவுக்கு வந்தது. ராக்கையா நிமிர்ந்தான். "தெரிஞ்சா... அண்ணன்கிட்டச் சொல்லிருக்கலாம்ல. வெட்டிருப்பாக."

"சொல்லிருந்தா அன்னைக்கே ரெண்டாவது பொணம் விழுந்திருக்கும். ஒன் ஆளுக மூணாவது பொணம் போட்டிருப்பாக. நீயா வருவேன்னு காத்துக் கெடந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கருப்பு சொன்னா நானே ஒன்னைய வெட்டிருப்பேன். ஆனா அங்கன பேசுனது கருப்பு இல்ல. மருந்து. சாமி பேரச் சொல்லி மருந்து பேசக் கூடாது மாப்ள."

ராக்கையா தலையைக் கவிழ்த்தான். ஒச்சாண்டி இடது கையை நீட்டிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த டம்ளரை எட்டப் பார்த்தார். எட்டவில்லை. நான் எடுத்துப் பிடித்தேன். பழக்கமில்லாத விரல்களைத் தண்ணீரில் நனைத்து, ராக்கையாவின் தலையிலும் முதுகிலும் தெளித்தார். கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

எவ்வளவு நேரம் போனதென்று எனக்குத் தெரியாது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். எத்தனையோ எலிகளுக்கு அவர் இப்படிக் காத்திருந்ததைப் பார்த்துச் சிரித்தவன் நான். அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராக்கையாவின் தலை லேசாக ஆடியது. தோள் குலுங்கியது. பிறகு உடம்பு முழுக்க ஒரே ஒரு தடவை சிலுப்பி அடங்கியது. அவன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஸ்டேசனுக்குப் போறேன் மச்சான்."

ஒச்சாண்டி தலையசைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கூடப் போங்க சார். வழியில எங்க ஆளுக எவனும் அவன் மேல கை வச்சுறக் கூடாது."

நான் அவனோடு நடந்தேன்.